போனில் விற்ற பாலிசி, கார்டு, கடன்: எதை எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம்?

#1 வைகைக்கரை

"போனில் வாங்கிய எதையும் ஏழு நாளில் ரத்து செய்யலாம்" என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில குழுக்களில் அது பதினைந்து நாள், சிலவற்றில் முப்பது. அதை நம்பி நாள் கடத்திப் பணத்தை விடுகிறவர்கள் ஏராளம். அதனால் தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் சரியாக எழுதி வைப்போம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டெலிகாலர் பேசி விற்ற எல்லாப் பொருளுக்கும் சேவைக்கும் பொதுவாக, "இத்தனை நாளுக்குள் மனம் மாறினால் பணம் வாபஸ்" என்று சொல்லும் ஒரே சட்டம் இந்தியாவில் இல்லை. உரிமை துண்டு துண்டாக இருக்கிறது. இன்ஷூரன்ஸுக்கு அதன் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ தனி விதி வைத்திருக்கிறது. கிரெடிட் கார்டுக்கும் ஆப் வழிக் கடனுக்கும் ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. காலர் ட்யூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று செல்போனில் ஏற்றிவிடும் கூடுதல் சேவைகளுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் விதி. மற்ற பொருள்களுக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டும்தான்.

எனவே முதல் கேள்வி "எத்தனை நாள்?" என்பதல்ல. "என்ன வாங்கினோம், அதற்கு யார் கண்காணிப்பாளர்?" என்பதுதான். சிறியதிலிருந்து தொடங்குகிறேன். செல்போன் கூடுதல் சேவையை முதலில் கேட்டபோது சொன்ன ஒரு "சரி" போதாது. இரண்டாவது முறை தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்று டிராய் 2013 ஜூலையில் உத்தரவு போட்டது. நிறுத்துவதற்கு 155223 என்ற இலவச எண். பேலன்ஸில் காசு குறைந்தது தெரிந்த அன்றே அதில் கூப்பிட்டு, நிறுத்தச் சொல்லுங்கள், பிடித்த பணத்தையும் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி விவரமாக எழுதக்கூடியவர்கள் வரவும்.

#2 கொங்குத்தமிழ்

பொதுச் சட்டமே இல்லைன்னு சொல்றீங்க. நுகர்வோர் சட்டத்துல 30 நாள்னு ஒரு பிரிவு இருக்குதுங்களே? அதை வச்சு எதை வேணும்னாலும் திருப்பலாம்னு யூட்யூப்ல சொல்றாங்க.

#3 படிக்கட்டு

அந்த 30 நாள் எங்கிருந்து வருகிறது என்றால், பிரிவு 2(47)-ல் "முறையற்ற வணிக நடைமுறை" என்பதற்கான விளக்கத்தில் இருந்து. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது, குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் தர மறுப்பது, இவை முறையற்ற நடைமுறை என்கிறது அது. காலக்கெடு பில்லில் போட்டிருந்தால் அது. போடவில்லை என்றால் 30 நாள்.

"குறைபாடுள்ள" என்ற சொல்லை யூட்யூப்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள். மனம் மாறியதற்கு இந்தப் பிரிவு உதவாது. போனில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் உதவும். அதையும் எழுத்தில் காட்ட வேண்டும்.

சட்டத்தில் நமக்குச் சாதகமான இன்னொரு வரியும் இருக்கிறது. பிரிவு 2(7)-ன் விளக்கத்தில், டெலிஷாப்பிங், நேரடி விற்பனை, மின்னணு வழி என எந்த வழியில் வாங்கினாலும் நீங்கள் "நுகர்வோர்"தான் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. "கடைக்கு வந்து வாங்கலையே சார், போன்ல ஆர்டர் கொடுத்தீங்க" என்று யாராவது சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

#4 பாலிசிப்பக்கம்

இன்ஷூரன்ஸ் பகுதியை நான் எழுதுகிறேன். போன் விற்பனையில் உண்மையிலேயே பலமான ரத்து உரிமை இருப்பது இங்கேதான்.

பெயர் ஃப்ரீலுக். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். முன்பு 15 நாள்தான் இருந்தது. போன், ஆன்லைன் வழி விற்ற பாலிசிக்கு மட்டும் 30. 2024 ஏப்ரல் 1 முதல் எப்படி விற்றிருந்தாலும் 30 நாள் என்று ஐஆர்டிஏஐ ஆக்கிவிட்டது. ஆயுள் பாலிசிக்கும், ஒரு வருடமோ அதற்கு மேலோ உள்ள தனிநபர் ஹெல்த் பாலிசிக்கும் உண்டு. ஹெல்த் பாலிசியில் அதற்குள் கிளெய்ம் எடுத்திருந்தால் கிடையாது. புதுப்பித்தலுக்கும் கிடையாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு வெள்ளைத் தாளில்:

"பாலிசி எண் ____. பத்திரம் ____ தேதி எனக்குக் கிடைத்தது. போனில் சொன்ன விவரமும் பத்திரத்தில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை. ஃப்ரீலுக் காலத்துக்குள் இந்தப் பாலிசியை ரத்து செய்கிறேன். கட்டிய பிரீமியம் ரூ. ____-ஐக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும்."

தேதி, கையெழுத்து. கூடவே ரத்து செய்த காசோலை ஒன்று, அடையாள அட்டை நகல், காகிதப் பத்திரம் வந்திருந்தால் அது. பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இணைத்திருக்கும் ப்ரொபோசல் ஃபார்ம் (விண்ணப்பப் படிவம்) உட்பட.

காரணம் எழுதும் இடத்தில் "பணக் கஷ்டம்", "குடும்பச் சூழ்நிலை" என்று எழுத வேண்டாம். கிளையில் உட்கார்ந்திருப்பவர் அப்படித்தான் எழுதச் சொல்வார், "சீக்கிரம் பாஸ் ஆகும்" என்று. ரத்து நடந்துவிட்டால் சரி. ஏதோ காரணத்தால் மறுத்துவிட்டால், பிறகு "பொய் சொல்லி விற்றார்கள்" என்று புகார் கொடுக்கும்போது நீங்களே எழுதிய அந்த வரியை உங்கள் முன்னால் எடுத்து வைப்பார்கள்.

அனுப்பும் வழி: நிறுவனத்தின் அதிகாரபூர்வ வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு ஒன்று, அருகில் உள்ள கிளைக்கு நேரில் ஒன்று. கிளையில் நகலில் சீல், தேதி, வாங்கியவர் கையெழுத்து வேண்டும். கோரிக்கை எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கோரிக்கை கிடைத்த 7 நாளுக்குள் பணம் திரும்ப வர வேண்டும்.

எங்கே தவறுகிறது? 25-ம் நாள் டெலிகாலருக்கே போன் செய்து "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அது ரத்து ஆகாது. அவர் "சரிங்க மேடம், கேன்சல் போட்டுட்டேன்" என்பார். 31-ம் நாள் தொடர்பில் இருக்க மாட்டார். இன்னொன்று, ரத்துக் கடிதம் போனதும் நிறுவனத்தின் தக்கவைப்புப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். வேறு பாலிசிக்கு மாற்றித் தருகிறோம், பிரீமியத்தைப் பாதியாக்குகிறோம், மேலாளர் பேசுவார், இரண்டு நாள் பொறுங்கள் என்பார்கள். பேசுவதில் தப்பில்லை, ஆனால் "கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன்" என்று ஓடிபி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

#5 நெய்தல்

அந்த 30 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? மின்னஞ்சலில் ஒரு தேதி, கூரியரில் ஒரு தேதி, பத்திரத்திலேயே ஒரு தேதி என்று மூன்று இருக்கிறதே.

#6 படிக்கட்டு

பத்திரத்தில் அச்சான தேதியை விட்டுவிடுங்கள். கணக்கு உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்துதான். இப்போது பெரும்பாலும் மின்னணுப் பத்திரம்தான் முதலில் வருகிறது, அது மின்னஞ்சலில் வந்த நாளையே நிறுவனம் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்பாக இருக்க, மூன்றில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணி 30-க்குள் முடித்துவிடுங்கள்.

தாமதமாகிவிட்டது என்றால் உடனே பார்க்க வேண்டியது ப்ரொபோசல் ஃபார்மில் எழுதியிருக்கும் மின்னஞ்சலும் செல் எண்ணும். போன் விற்பனையில் படிவத்தை நிரப்புவது டெலிகாலர். வாடிக்கையாளரின் மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் அவரே உருவாக்கிய ஒரு ஜிமெயில் முகவரி இருக்கும். பத்திரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், நிறுவனத்தின் கணக்கில் "டெலிவர்ட்". அந்த முகவரி உங்களுடையதல்ல என்பதைக் காட்டினாலே 30 நாள் வாதம் மாறிவிடுகிறது. பத்திரம் உங்களிடம் சேர்ந்ததை நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான் என்று கேளுங்கள்.

காகிதத்தில் வந்திருந்தால் கூரியர் கவரைத் தூக்கிப் போட வேண்டாம். கவரில் ஒட்டிய சீட்டில் இருக்கும் எண்ணை ட்ராக்கிங்கில் போட்டு, டெலிவரி ஆன தேதி தெரியும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச மாதம் போனால் அந்தப் பக்கம் திறக்காது.

அதே படிவத்தில் வருமானம், தொழில் கட்டங்களையும் பாருங்கள். மாதம் 18,000 ஓய்வூதியம் வாங்குபவருக்கு ஆண்டு வருமானம் 6 லட்சம், தொழில் "வியாபாரம்" என்று எழுதியிருந்தால், யார் எழுதினார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

#7 எண்கணக்கு

திரும்பி வரும் தொகை பற்றி. பிடிக்க அனுமதி உள்ளவை மூன்று மட்டும்: பாலிசி நடப்பில் இருந்த நாட்களுக்கான ரிஸ்க் பிரீமியம் (காப்பு கொடுத்ததற்கான பங்கு), மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, முத்திரைத் தீர்வை.

உதாரணம் போட்டுப் பார்ப்போம். பிரீமியம் 50,000. காப்பீட்டுத் தொகை 5 லட்சம். முத்திரைத் தீர்வை ஆயிரத்துக்கு 20 பைசா, ஆக 100 ரூபாய். ஆண்டு ரிஸ்க் பிரீமியம் 1,500 என்று வைத்தால் 20 நாளுக்கு 82 ரூபாய். மருத்துவப் பரிசோதனை இல்லை. கைக்கு வர வேண்டியது 49,818.

நாற்பத்தி மூவாயிரம்தான் வந்தது என்றால் "நிர்வாகக் கட்டணம்", "ஏஜென்ட் கமிஷன்" என்று எதையோ கழித்திருக்கிறார்கள். கழிவின் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். யூலிப் (பிரீமியம் சந்தையில் முதலீடாகும் பாலிசி) என்றால் கணக்கு வேறு: ரத்து நாளின் என்ஏவி (யூனிட் விலை) மதிப்பும் சேரும், சந்தை இறங்கியிருந்தால் அந்த நஷ்டம் நம் தலையில்தான். அதனால் யூலிப்பில் 30-ம் நாள் வரை காத்திருக்காதீர்கள்.

#8 கொங்குத்தமிழ்

நல்ல விளக்கம்ங்க. இன்னொரு சந்தேகம். பேங்க்ல ஆட்டோ டெபிட்டை நிறுத்திட்டா பாலிசி தானா கேன்சல் ஆயிடுமுங்களா?

#9 பாலிசிப்பக்கம்

ஆகாது. நிறையப் பேர் செய்யும் தப்பு இது. மேண்டேட்டை (ஆட்டோ டெபிட் அனுமதியை) நிறுத்தினால் அடுத்த தவணை போகாது, அவ்வளவுதான். கட்டிய முதல் பிரீமியம் அங்கேயே நிற்கும், சலுகை நாள் முடிந்ததும் பாலிசி காலாவதியாகும். ஃப்ரீலுக் கடிதம் முதலில், மேண்டேட் நிறுத்துவது இரண்டாவது. இரண்டையும் செய்ய வேண்டும்.

பணமே கைவிட்டுப் போகாமல் இருக்க ஒரு வழி 2025 மார்ச்சில் வந்திருக்கிறது. பீமா-அஸ்பா என்று பெயர். யுபிஐயில் தொகை உங்கள் கணக்கிலேயே தடுத்து வைக்கப்படும்; நிறுவனம் பாலிசியை ஏற்ற பிறகுதான் எடுக்கும். அதிகபட்சம் 14 நாள், அதற்குள் முடிவெடுக்கவில்லை என்றால் தடை நீங்கிவிடும். போனில் "இப்பவே லிங்க் அனுப்பறேன், கட்டுங்க" என்றால், அஸ்பா வழியாகக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

வெரிஃபிகேஷன் கால் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரம் போடுவதற்கு முன் நிறுவனத்திலிருந்து பதிவு செய்யப்படும் ஓர் அழைப்பு வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் டெலிகாலர் கூப்பிட்டு, "ஒரு ரோபோ கால் வரும், எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க, நோ சொன்னா உங்க போனஸ் ரிஜெக்ட் ஆயிடும்" என்று பயிற்சி கொடுப்பார். அந்த அழைப்பில் வரும் கேள்விகள்: "பத்து வருடம், ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்று தெரியுமா? லோன், போனஸ், பரிசு என்று யாராவது வாக்குறுதி கொடுத்தார்களா?" ஒரு தடவை கட்டினால் போதும், எஃப்டி மாதிரி என்று நம்பியவர், இந்த இடத்தில் "ஆமாம்", "இல்லை" என்று சொல்லிவிடுகிறார். பின்னால் ஆம்பட்ஸ்மன் (புகாரை விசாரித்து உத்தரவிடும் அதிகாரி) முன் நிறுவனம் ஒலிபரப்புவது இந்த இரண்டு நிமிடத்தைத்தான். அந்த அழைப்பில் தைரியமாகப் "புரியவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று சொன்னாலே விற்பனை அங்கேயே நிற்கும்.

#10 கடன்அட்டை

கிரெடிட் கார்டுக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட விதிகள் வாடிக்கையாளருக்கு நல்ல பலம்.

கேட்காத கார்டை அனுப்பக் கூடாது. அனுப்பி, கட்டணமும் போட்டிருந்தால், அந்தக் கட்டணத்தை நீக்குவதோடு அதைப் போல இரு மடங்கை உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். 499 ரூபாய் சேர்ப்புக் கட்டணம் போட்டிருந்தால் அதை ரத்து செய்து 998 கொடுக்க வேண்டும்.

போனில் "சரி" சொல்லி கார்டு வந்துவிட்டது, ஆனால் வேண்டாம் என்றால் ஆக்டிவேட் செய்யாமல் விடுங்கள். 30 நாள் கடந்தும் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்கு வங்கி ஓடிபி மூலம் ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்புதல் இல்லை என்றால் 7 வேலை நாளுக்குள், உங்களிடம் ஒரு பைசாவும் வாங்காமல் கணக்கை மூட வேண்டும். ஆகவே, "வெல்கம் கால்" என்று பேசி ஓடிபி கேட்பவரிடம் எண்ணைச் சொல்லாமல் இருப்பதுதான் இங்கே உங்கள் ரத்து உரிமை.

பயன்படுத்திய கார்டை மூடுவதற்கும் 7 வேலை நாள்தான், பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. "தபாலில் கடிதம் அனுப்புங்கள், அப்போதுதான் மூடுவோம்" என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆப், இணையதளம், உதவி எண், மின்னஞ்சல் எதிலும் கேட்கலாம்.

கார்டோடு சேர்த்து இன்ஷூரன்ஸ், கார்டு பாதுகாப்புத் திட்டம் என்று விற்பதற்கும் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். கார்டு விற்கும் டெலிகாலர்கள் காலை 10 முதல் இரவு 7 வரை மட்டுமே அழைக்கலாம். இரவு எட்டரைக்கு வந்த அழைப்பு என்றால் அந்த நேரத்தையும் புகாரில் எழுதுங்கள்.

#11 எண்கணக்கு

ஆப் கடனுக்கு நான் சேர்க்கிறேன். டிஜிட்டல் கடனில் "கூலிங் ஆஃப்" என்று ஒரு காலம் கட்டாயம் உண்டு. 2025 மே மாதம் வந்த விதிப்படி குறைந்தது ஒரு நாள். அதற்கு மேல் எத்தனை என்பதைக் கடன் கொடுப்பவர் தீர்மானித்து, முக்கிய விவரத் தாளில் எழுதியிருக்க வேண்டும். 2022 விதியில் ஏழு நாளும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கு மூன்று நாள் இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்து மூன்று நாள் இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்துக்குள் அசலையும், வைத்திருந்த நாட்களுக்கான வட்டியையும் கொடுத்தால் போதும், முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் கிடையாது. விவரத் தாளில் முன்பே சொல்லியிருந்தால் மட்டும் நியாயமான ஒருமுறை பிராசஸிங் கட்டணத்தைப் பிடிக்கலாம்.

பணத்தை டெலிகாலர் தரும் யுபிஐ ஐடிக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும்.

#12 மெல்பர்ன்மணி

இங்கே எப்படி என்று ஒப்பிட்டுச் சொல்கிறேன், இந்தியாவில் இப்படி ஒரு விதியைக் கேட்பவர்களுக்கு உதவும். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில், நாம் கூப்பிடாமல் அவர்களே போன் செய்து 100 டாலருக்கு மேல் விற்றால் 10 வேலை நாள் ரத்து உரிமை. ஒப்பந்தத்தின் நகல் நம் கைக்கு வந்ததற்கு அடுத்த வேலை நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். அந்தப் பத்து நாளும் பணம் வாங்கவே கூடாது. உரிமையைச் சொல்லாமல் விற்றிருந்தால் ரத்துக்கான காலம் மாதக்கணக்கில் நீளும். இந்த "பணம் வாங்கக் கூடாது" என்ற ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. திருப்பி வாங்க அலைய வேண்டியதில்லை அல்லவா.

#13 நெய்தல்

பொருள் விற்பனை பற்றி யாரும் எழுதவில்லை. சர்க்கரை நோய்க்கு மூலிகைப் பொடி, மூட்டுவலித் தைலம் என்று போனில் விற்று கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்புகிறார்களே, வயதானவர்களைக் குறிவைத்து?

#14 படிக்கட்டு

அதில் உங்கள் கையிலிருக்கும் பலமான கட்டம் கதவருகே பார்சல் நிற்கும் அந்த ஒரு நிமிடம். வேண்டாம் என்றால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். "ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கவில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும், போலீஸ் வரும்" என்று மிரட்டுவார்கள். பார்சலை மறுப்பது குற்றமல்ல. போலீஸ் வராது.

வாங்கிவிட்டால், பிரிப்பதை வீடியோ எடுங்கள்: முதலில் கவரின் முகவரிச் சீட்டு, பிறகு வெட்டுவது, பிறகு உள்ளே இருப்பது, எல்லாம் ஒரே காட்சியில். பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த மாதம், புகார் எண் இருக்கின்றனவா பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே சட்டமுறை எடையளவு விதி மீறல். மாவட்டத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் சொல்லலாம்.

சர்க்கரை நோயை "குணமாக்கும்" என்று விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது. அதில் விளம்பரம் என்ற சொல்லுக்கு விளக்கம் அகலமானது, வாய்மொழி அறிவிப்பும் அடங்கும். ஆக, அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருந்தால் அது பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு மட்டுமல்ல, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் அனுப்பவும் ஆதாரம்.

1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பார்கள்; தீர்ப்புச் சொல்ல அதிகாரம் கிடையாது.

#15 வைகைக்கரை

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "உங்க நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு, தம்பதியா ஓட்டலுக்கு வாங்க" என்று அழைத்து விடுமுறை கிளப் உறுப்பினர் சேர்க்கை விற்கிறார்களே, அதற்குத் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் ரத்து பற்றி எழுதியிருக்கும் பிரிவுதான் எல்லாம். கையெழுத்துப் போட்ட இரவே அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், நாள் கணக்கு மிகக் குறைவாக இருக்கும்.

#16 கொங்குத்தமிழ்

சரிங்க, 30 நாள் தாண்டிப் போச்சு, பாலிசி பத்திரத்தையே பிரிச்சுப் பார்க்கலை. அப்போ பணம் போனது போனதுதானுங்களா?

#17 பாலிசிப்பக்கம்

போகவில்லை, ஆனால் வழி வேறு. இனி நீங்கள் கேட்பது ஃப்ரீலுக் ரத்து அல்ல, "தவறாகச் சொல்லி விற்றார்கள், அதனால் பாலிசியை ரத்து செய்து முழுத் தொகை தரவும்" என்பது. புகாரில் ஃப்ரீலுக் என்ற சொல்லையே பெரிதாக எடுக்காதீர்கள். என்ன சொன்னார்கள், பத்திரத்தில் என்ன இருக்கிறது, இரண்டையும் எதிரெதிரே எழுதுங்கள். "ஒரே தவணை என்றார், பத்திரத்தில் 10 ஆண்டுத் தவணை." "லோன் கிடைக்கும் என்றார், அப்படி எதுவும் இல்லை." "ஆண்டு வருமானம் 2 லட்சம், படிவத்தில் 6 லட்சம்." நாலு வரி போதும், நாலு பக்கம் வேண்டாம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. அவர்களுக்கு 14 நாள். கூடவே பீமா பரோசா தளத்தில் பதிந்தால் ஐஆர்டிஏஐ பார்வைக்குப் போகும். 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஆனால் பீமா பரோசாவில் தீர்ப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது புகாரை நிறுவனத்துக்கே அனுப்பிக் கண்காணிக்கும்.

நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்காலுக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, 50 லட்சம் வரை உத்தரவிடலாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 2021 முதல் தரகு நிறுவனங்கள் மீதும் புகார் எடுக்கிறார்கள், போன் விற்பனையில் பாதிக்கு மேல் தரகு வழியாக நடக்கும் இடங்களில் இது முக்கியம். உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. ஆனால் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் வைத்துக்கொண்டு ஆம்பட்ஸ்மனிடம் போக முடியாது. எனவே வரிசையை மாற்றாதீர்கள்.

இதற்கிடையில் அடுத்த பிரீமியம் கட்டச் சொல்லி அழைப்பு வரும், "கட்டினால்தான் புகார் நிற்கும்" என்று. அது பொய். ஒரு வருடப் பிரீமியம் முழுதும் கட்டி ஓராண்டு முடிந்த பாலிசிக்கு, 2024 அக்டோபருக்குப் பின் விற்ற திட்டங்களில் ஓரளவு சரண்டர் மதிப்பு (பாலிசியைப் பாதியில் விட்டால் கிடைக்கும் தொகை) உண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் தோற்றால் பிடித்துக்கொள்ளக் கடைசிக் கிளை அது.

ஹெல்த் பாலிசி என்றால் இன்னும் எளிது. 30 நாள் தாண்டினாலும், ஏழு நாள் முன்னறிவிப்புடன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கிளெய்ம் இல்லாத ஓராண்டு பாலிசியில் மீதி நாட்களுக்கு உரிய பிரீமியம் திரும்ப வரும்.

#18 படிக்கட்டு

வங்கி, கார்டு, கடன் புகாருக்கு அதே மாதிரி ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மன். வங்கிக்கு எழுதி 30 நாள் காத்திருக்க வேண்டும். நேரடியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சந்தேகத்துக்கு அவர்களின் உதவி எண் 14448.

நுகர்வோர் ஆணையம் பற்றிச் சுருக்கமாக: வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனம் நொய்டாவில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம். இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனில் பதியலாம்.

ஆதாரம்தான் எங்கும் கேட்கப்படும். அழைப்பு வந்த ஏழு நாளுக்குள், தொந்தரவு அழைப்புக்கான புகார் எண் 1909-க்கோ டிராயின் டிஎன்டி ஆப்பிலோ அந்த எண்ணைப் புகார் செய்துவிடுங்கள். பணம் இதில் திரும்பாது. ஆனால் இந்தத் தேதியில் இந்த எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு வந்தது என்று உங்கள் கையில் ஒரு புகார் எண் இருக்கும். "நாங்கள் கூப்பிடவே இல்லை, அவரே விசாரித்தார்" என்ற பதிலுக்கு இதுவே எதிர்ப்பதில். முறையான விளம்பர அழைப்பு 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அதையே புகாரில் முதல் வரியாக்குங்கள்.

போனில் பதிவு இருந்தால் மூல ஃபைலை வெட்டாமல், பெயர் மாற்றாமல் அந்த போனிலேயே வைத்திருங்கள். நகலைப் பென் டிரைவில் கொடுங்கள். 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டிவரும். வாட்ஸாப்பில் அனுப்பிச் சேமித்த நகலுக்கு அந்தச் சான்றிதழ் எழுதுவது சிரமம்.

#19 பாலிசிப்பக்கம்

ஒரு முறை ஏமாந்தவர்களுக்கு இரண்டாவது அழைப்பு வரும், அதையும் இங்கே எழுதியாக வேண்டும். "ஐஆர்டிஏஐயிலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசியில் ஏஜென்ட் கமிஷன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அதை உங்களுக்கே விடுவிக்கிறோம், அதற்கு ஒரு புதுப் பாலிசி எடுக்க வேண்டும்" என்பார்கள். பாலிசி எண், பிரீமியத் தொகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் நம்புகிறார்கள். ஐஆர்டிஏஐ யாருக்கும் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, பிரீமியத்தை முதலீடு செய்வதில்லை. அவர்களே இதைத் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறார்கள்.

இதில் எடுக்க வைக்கும் பாலிசி சில நேரம் உண்மையான நிறுவனத்தின் உண்மையான பாலிசியாகவே இருக்கும். அப்படியென்றால் மேலே சொன்ன ஃப்ரீலுக் அதற்கும் உண்டு, 30 நாளை எண்ணத் தொடங்குங்கள். பணம் ஏதோ தனிநபர் கணக்குக்குப் போயிருந்தால் அது விற்பனையே அல்ல, மோசடி. அதற்கு ஃப்ரீலுக்கும் ஆம்பட்ஸ்மனும் கிடையாது. அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும்.

#20 நெய்தல்

கடைசியாக ஒன்று. மின்னஞ்சல் இல்லாத, கிளைக்குப் போக முடியாத முதியவர்கள் சார்பில் பிள்ளைகள் ஃப்ரீலுக் கடிதம் கொடுக்க முடியுமா?

#21 பாலிசிப்பக்கம்

கடிதத்தில் கையெழுத்து பாலிசிதாரருடையதாக இருக்க வேண்டும், ப்ரொபோசல் ஃபார்மில் போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகவும் வேண்டும். கொண்டு போய்க் கொடுப்பவர் யாராகவும் இருக்கலாம். கைநாட்டு என்றால் பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். "இவர் மூலம் அனுப்புகிறேன்" என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து, கொண்டு போகிறவரின் அடையாள அட்டை நகலை இணைத்துவிடுங்கள்.

கிளை ஊரில் இல்லை என்றால் ஸ்பீட் போஸ்ட். பதிவுத் தபால் 2025-ல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது, எனவே தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் என்றே கேளுங்கள், டெலிவரி ஒப்புகையும் சேர்த்து. முகவரி பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் பதிவு அலுவலகம். கவரின் மேல் "ஃப்ரீலுக் ரத்துக் கோரிக்கை, பாலிசி எண் ____" என்று பெரிதாக எழுதுங்கள். ரசீதின் மை ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.